இன்வெர்ட்டரைக் கழற்ற வேண்டாம், அந்த 100 கேவிஏஆரைக் கழற்றுங்கள்

உடுமலைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்பைக் கவனிக்கும் வாசகர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"எங்கள் ஆலை எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ். 1000 கேவிஏ ட்ரான்ஸ்பார்மர் ஒன்று, பெயர்ப்பலகையில் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) 5 சதவீதம். டிமாண்ட் (ஆலை இழுக்கும் உச்சச் சுமை) 610 கேவிஏ வரை வரும். ஆலைக்குள் ஈரப்பதத்தைக் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஃபேன்களுக்கு முன்பே இன்வெர்ட்டர் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) உண்டு. ஆறு மாதத்துக்கு முன் நூல் நூற்கும் பத்து ரிங் ஃபிரேம்களுக்கும் 45 கிலோவாட் இன்வெர்ட்டர் போட்டோம். அதன்பின் மின்வாரிய மீட்டரில் பவர் ஃபாக்டர் (இழுக்கும் கேவிஏ-வில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.95-க்கு மேல் ஏறவில்லை. எங்கள் பேனல் மீட்டரோ 0.99 காட்டியது. பவர் ஃபாக்டரை உயர்த்த ஏற்கெனவே இருந்த 300 கேவிஏஆர் (கெப்பாசிட்டர் திறனின் அலகு) கெப்பாசிட்டரோடு இன்னும் 100 சேர்த்தோம். வாரிய மீட்டர் அசையவில்லை. ஆனால் கெப்பாசிட்டர்கள் உப்பிக்கொண்டு போகின்றன, இரண்டு வெடித்தே விட்டன. ட்ரான்ஸ்பார்மரில் இரைச்சல் கூடியிருக்கிறது. இன்வெர்ட்டர்கள் ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகின்றன. வாரியத்திலிருந்து வந்து அளந்தார்கள். மின்னோட்டத்தில் ஹார்மோனிக்ஸ் (50 ஹெர்ட்ஸின் மடங்குகளில் கலந்து வரும் அலைகள்) 30 சதவீதம், அதில் ஐந்தாவது 17, ஏழாவது 24 என்று தாளில் இருக்கிறது. மின்னழுத்தத்தில் எச்.டி. பக்கம் 2 சதவீதம், எங்கள் பஸ்பாரில் (ஆலைக்கு மின்சாரத்தைப் பிரிக்கும் மெயின் பட்டை) 6.5. ஹார்மோனிக்ஸை அழிக்க 300 ஆம்பியர் ஆக்டிவ் ஃபில்டர் போடச் சொல்லி ஒரு நிறுவனம் விலை கொடுத்திருக்கிறது. முதலாளி, 'இன்வெர்ட்டரையெல்லாம் கழற்றிவிட்டுப் பழையபடி ஒரே வேகத்தில் ஓட்டும் புல்லிக்கே போய்விடலாம்' என்கிறார். என்ன செய்வது?"

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். அளவீட்டுத் தாளில் உள்ள எண்களையும் எழுதி அனுப்பியதற்கு நன்றி. கேட்கப்பட்ட கேள்விக்கான விடை அந்த எண்களில்தான் இருக்கிறது.

ஐந்தாவதைவிட ஏழாவது பெரிதாக இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் இன்வெர்ட்டர்கள் எல்லாம் உள்ளே வரும் மூன்று பேஸ் மின்சாரத்தை ஆறு டையோடு வைத்து டி.சி.யாக மாற்றுபவை. இந்த வகை, மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுக்காது; அலையின் உச்சியில் மட்டும் துண்டு துண்டாக இழுக்கும். அப்படி இழுத்ததைப் பிரித்துப் பார்த்தால் 50 ஹெர்ட்ஸோடு ஐந்து, ஏழு, பதினொன்று, பதின்மூன்று மடங்குகள் வரும். அதாவது 250, 350, 550, 650 ஹெர்ட்ஸ். எண் ஏற ஏற அளவு குறைய வேண்டும். நல்ல சோக் (மின்னோட்டத்தின் துள்ளலைத் தணிக்கும் கம்பிச் சுருள்) உள்ள இன்வெர்ட்டரில் ஐந்தாவது 20 என்றால் ஏழாவது 14-ஐ ஒட்டி நிற்கும். சோக் இல்லாவிட்டால் இரண்டுமே பெரிதாகும், ஆனாலும் ஐந்தாவதுதான் முந்தி நிற்கும். உங்கள் தாளில் ஏழாவது முந்துகிறது. இன்வெர்ட்டர் தானாக இப்படிச் செய்யாது. வேறு ஏதோ ஒன்று அந்த 350 ஹெர்ட்ஸைப் பிடித்து ஊதிப் பெரிதாக்குகிறது.

அது என்ன என்று கண்டுபிடிக்கக் கால்குலேட்டர் போதும். 1000 கேவிஏ, 5 சதவீத இம்பீடன்ஸ் என்றால் பஸ்பாரில் ஷார்ட் சர்க்யூட் அளவு ஏறக்குறைய 20,000 கேவிஏ. அதைக் கெப்பாசிட்டர் கேவிஏஆரால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால், ட்ரான்ஸ்பார்மரும் கெப்பாசிட்டரும் எந்த மடங்கில் ஒத்ததிரும் என்பது வந்துவிடும். முன்பு இருந்த 300-க்கு 8.2. ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இருந்தீர்கள். பெரிய பாதுகாப்பு இல்லை, ஆனாலும் ஓடியது. 100 சேர்த்து 400 ஆனதும் வகுத்துப் பாருங்கள்: 50-இன் வர்க்கமூலம், 7.07. ஏழாவது ஹார்மோனிக்ஸின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டீர்கள். வாரியப் பக்கத்து இம்பீடன்ஸையும் நேரடியாக ஓடும் மோட்டார்களையும் கணக்கில் சேர்த்தால் இந்த எண் சற்றே இப்படி அப்படி நகரும். ஆனால் தாளில் ஏழாவது வீங்கியிருப்பது கணக்கை உறுதிப்படுத்துகிறது.

ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் சின்னக் கை அழுத்தத்துக்கே அது உயரப் போகும். இன்வெர்ட்டர்கள் தள்ளும் கை. ஊஞ்சலின் கயிற்று நீளத்தை, தாளம் ஒத்துப்போகிற அளவுக்கு மாற்றிக் கட்டியது அந்த 100 கேவிஏஆர்.

ஆகவே முதல் வேலை, இன்றைக்கே செய்ய வேண்டியது: பிறகு சேர்த்த 100-ஐ லைனிலிருந்து எடுத்துவிடுங்கள். கெப்பாசிட்டரை ஆஃப் செய்த பின் ஐந்து நிமிடம் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்து, முனைகளை ஷார்ட் செய்த பிறகே கை வையுங்கள். உப்பிப் போன கெப்பாசிட்டரில் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், அதை நம்ப வேண்டாம். மீதமுள்ள 300-இலும் ஒவ்வொரு யூனிட்டையும் ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் (கோணலான அலையையும் சரியாக அளக்கும் மீட்டர்) வைத்து அளந்துவிடுங்கள். 440 வோல்ட், 50 கேவிஏஆர் யூனிட் என்றால் சுமார் 65 ஆம்பியர் இழுக்க வேண்டும். தர விதி 1.3 மடங்கு வரை தாங்கச் சொல்கிறது; 85 ஆம்பியரைத் தாண்டினால் அந்த யூனிட் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறது. சாதாரண கிளாம்ப் மீட்டர் ஹார்மோனிக்ஸ் உள்ள மின்னோட்டத்தைக் குறைத்தே காட்டும், அதை வைத்து "எல்லாம் சரி" என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

100-ஐ எடுத்தால் பவர் ஃபாக்டர் விழுந்துவிடுமே என்று பயப்படுவீர்கள். விழாது. வாரிய மீட்டர் ஏன் 0.95-இலேயே நின்றது என்பதைப் புரிந்துகொண்டால் அந்தப் பயம் போய்விடும். பேனல் மீட்டர் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ் அலையில் வோல்டேஜுக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள கோணத்தை மட்டும் பார்க்கிறது. வாரிய மீட்டர் ஹார்மோனிக்ஸையும் சேர்த்து கேவிஏ-வைக் கணக்கிடுகிறது. மின்னோட்டத்தில் 30 சதவீத ஹார்மோனிக்ஸ் இருந்தால், கோணம் எவ்வளவு நேராக இருந்தாலும் பவர் ஃபாக்டர் 0.958-க்கு மேல் போக முடியாது. 0.99-ஐ 0.958-ஆல் பெருக்குங்கள், 0.95 வருகிறதா? அதுதான் உங்கள் பில்லில் இருப்பது. கெப்பாசிட்டர் சரிசெய்வது கோணத்தை மட்டுமே. அலையின் கோணலை அதனால் நிமிர்த்த முடியாது. கோணலைத் திருத்திவிட்டால் இருக்கிற 300-லேயே 0.98 வந்துவிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் கெப்பாசிட்டர் மேல் கெப்பாசிட்டராகப் போட்டுக்கொண்டே போகும் ஆலைகளைக் கொங்கு நாட்டில் எத்தனையோ பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் அந்த எலக்ட்ரீஷியன் அக்கறையோடுதான் செய்திருப்பார்.

முதலாளி சொல்வதற்கு வருகிறேன். இன்வெர்ட்டர்களைக் கழற்ற வேண்டாம். ஃபேனின் வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மின்சாரம் மாறுவது ஃபேனின் இயல்பு. மழைக்காலத்திலும் இரவிலும் ஹியூமிடிஃபிகேஷனில் கிடைக்கும் இந்த மிச்சத்தை புல்லியால் தர முடியாது. ரிங் ஃபிரேமில் மிச்சம் அவ்வளவு இல்லை, ஆனால் அங்கே நன்மை வேறு: காப் (நூல் சுற்றிய குழல்) கட்ட ஆரம்பிக்கும்போதும் முடிக்கும்போதும் கதிரின் (ஸ்பிண்டிலின்) வேகத்தைத் தணித்து, நடுவில் ஏற்ற முடிகிறது. இழை அறுபடுவது குறைகிறது. உங்கள் ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேளுங்கள், அவர் இன்வெர்ட்டரை விடச் சம்மதிக்க மாட்டார்.

இனி, ஹார்மோனிக்ஸைக் குறைப்பது. இதில் எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது.

இன்வெர்ட்டர் ஒவ்வொன்றையும் திறந்தோ கையேட்டைப் பார்த்தோ, உள்ளே டி.சி. சோக் இருக்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நிறுவனத்தில்கூடச் சில மாடலில் இருக்கும், சிலவற்றில் இராது. விலை குறைத்துக் கேட்டு வாங்கியவற்றில் பெரும்பாலும் இராது. இல்லாதவற்றுக்கு, மின்சாரம் உள்ளே வரும் பக்கத்தில் 3 அல்லது 4 சதவீத லைன் சோக் போடுங்கள். உங்கள் 45 கிலோவாட் இன்வெர்ட்டர் 85 ஆம்பியர் இழுக்கும் என்று வைத்தால் 3 சதவீதத்துக்கு சுமார் 0.27 மில்லிஹென்றி, 4 சதவீதத்துக்கு 0.36 வரும். சோக்கின் பலகையில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். "45 கிலோவாட்டுக்கு ஏற்றது" என்ற வார்த்தையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மின்னோட்டத்தின் உச்சியில் இரும்பு காந்தத்தால் நிறைந்துபோகும் மட்டமான சோக், தேவைப்படும் அந்த நொடியில் வேலை செய்யாது. 5 சதவீதத்துக்கு மேல் போவதில் பயன் இல்லை. அதன் பிறகு ஹார்மோனிக்ஸ் குறைவது கொஞ்சம், டி.சி. வோல்டேஜ் இறங்குவது நிச்சயம்.

சோக்கை மோட்டார் பக்கம் போட்டுவிட்டு "ஹார்மோனிக்ஸ் குறையவே இல்லை" என்று எழுதியவர்களும் உண்டு. மோட்டார் பக்கம் போடுவது நீளமான கேபிளிலிருந்து வைண்டிங்கைக் காப்பாற்ற. அது வேறு நோய்க்கு வேறு மருந்து. பேரிங்கில் வரிவரியாகத் தடம் விழுவதும் அப்படித்தான், அதற்கும் சப்ளை பக்கத்து ஹார்மோனிக்ஸுக்கும் சம்பந்தம் இல்லை.

உள்பக்கத்து சோக்கால் இன்னொரு நன்மையும் உண்டு. கெப்பாசிட்டர் லைனுக்கு வரும் கணத்தில் வோல்டேஜ் ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளல் நேராக இன்வெர்ட்டருக்குள் இருக்கும் டி.சி. பஸ்ஸில் ஏறினால் இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் காட்டி டிரிப் ஆகும். உங்கள் டிரிப்புகளில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. டிரிப் ஆன நேரத்தை ஒரு நோட்டில் குறித்து, கெப்பாசிட்டர் போட்ட நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது கெப்பாசிட்டர் பேனல். இன்வெர்ட்டர் மிகுந்த ஆலையில் வெறும் கெப்பாசிட்டருக்கு இனி இடமில்லை. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் (கெப்பாசிட்டர் தொகுதிக்கும்) தொடராக 7 சதவீத டீட்யூன்ட் ரியாக்டர் (ஒத்ததிர்வை விலக்கிவைக்கும் சுருள்) போடுங்கள். இரண்டும் சேர்ந்து 189 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும். 250 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கிளை கெப்பாசிட்டர்போல நடந்துகொள்ளாது, ரியாக்டர்போல நடக்கும். ஐந்தாவதோடும் ஏழாவதோடும் அது இனி ஜோடி சேர முடியாது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: ரியாக்டர் போட்டதும் கெப்பாசிட்டர் மேல் விழும் வோல்டேஜ் கூடுகிறது. 433 வோல்ட் பஸ்பார் என்றால் கெப்பாசிட்டரில் 466 வரும், அதன் மேல் ஹார்மோனிக்ஸும் ஏறும். ஆகவே பழைய 440 வோல்ட் கெப்பாசிட்டர்களை அப்படியே ரியாக்டரோடு கட்ட முடியாது. 525 வோல்ட் ரகம் வாங்குங்கள். செலவு மிச்சம் என்று பாதி ஸ்டெப்புக்கு ரியாக்டர் போட்டு, மீதியை வெறுமனே விட்டுவிடவும் கூடாது. ரியாக்டர் இல்லாத அந்தப் பாதி, மறுபடியும் ட்ரான்ஸ்பார்மரோடு ஒத்ததிரத் தொடங்கும்.

இவை முடிந்த பிறகுதான் ஆக்டிவ் ஃபில்டரைப் பற்றி யோசிக்க வேண்டும். கருவியின் மேல் எனக்குக் குறை இல்லை. சுமை இழுக்கும் ஹார்மோனிக்ஸை அளந்து அதற்கு எதிரானதைச் செலுத்தி அலையை நேராக்கும் நல்ல கருவி. உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுவோம். இன்வெர்ட்டர்கள் எல்லாம் சேர்ந்து 400 கிலோவாட் ஓடினால் அடிப்படை மின்னோட்டம் சுமார் 570 ஆம்பியர். சோக் இல்லாத நிலையில் அதில் பாதியளவு, அதாவது 285 ஆம்பியர் ஹார்மோனிக்ஸ் வரலாம். ஆலையின் மொத்த மின்னோட்டம் 810 ஆம்பியர். அதில் விதிமுறை வரம்பாக 8 சதவீதம் என்று வைத்தால் 65. மிச்சம் 220-ஐ ஃபில்டர் விழுங்க வேண்டும், ஓரத்துக்கு இடம் விட்டால் 300 ஆம்பியர். அந்த நிறுவனம் தவறாகச் சொல்லவில்லை, இருக்கிற நிலைக்குச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் சோக் போட்டதும் இன்வெர்ட்டர்களின் ஹார்மோனிக்ஸ் 33 சதவீதத்தை ஒட்டி இறங்கும்: 190 ஆம்பியர். அதில் 65 போக 125. ஆகவே 150 ஆம்பியர் ஃபில்டர் போதும். பாதி. பத்துப் பன்னிரண்டு சோக்குகளின் விலை அந்த மிச்சத்தின் பக்கத்தில்கூட வராது.

விலை ஒரு புறம் இருக்கட்டும், வேறு காரணமும் உண்டு. ஃபில்டர் ஓட ஆரம்பித்ததும் பஸ்பார் வோல்டேஜ் சுத்தமாகிறது. சுத்தமான சப்ளையிலிருந்து சோக் இல்லாத இன்வெர்ட்டர் முன்னைவிடக் கூர்மையாக மின்னோட்டத்தை இழுக்கும். ஃபில்டர் விழுங்க விழுங்க இன்வெர்ட்டர் இன்னும் கொட்டும். ஓர் ஆலையில் என் கண் முன்னால் நடந்தது: சோக்கும் போடவில்லை, வெறும் கெப்பாசிட்டரையும் எடுக்கவில்லை, ஃபில்டரை மட்டும் வாங்கி வைத்தார்கள். ஃபில்டர் முதல் நாளிலிருந்தே முழுச் சுமையில் தவித்தது, கெப்பாசிட்டரோடு மோதி மோதி மூன்றாம் மாதம் அதன் பவர் கார்டு எரிந்தது. அன்றைக்கு அந்த ஆலையில் ஆலோசகராக இருந்தவன் நான். சோக்கை முதலில் போட வேண்டும் என்று அடித்துச் சொல்லாமல் விட்டது என் பிழை. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

ஃபில்டரை ஆர்டர் செய்யும் முன், சோக்கும் டீட்யூன்ட் பேனலும் போட்டபின் ஒரு வாரம் அளந்துவிடுங்கள். எச்.டி. மீட்டரிங் இடம், எல்.டி. இன்கமர் (ட்ரான்ஸ்பார்மரிலிருந்து தாழ் அழுத்த மின்சாரம் உள்ளே வரும் இடம்), கெப்பாசிட்டர் ஃபீடர் (கெப்பாசிட்டர் பேனலுக்குப் போகும் லைன்) என மூன்று இடத்திலும். என் 125 ஆம்பியர் கணக்கு மேசையில் போட்டது. உங்கள் அளவீடு சொல்வதுதான் உண்மை.

மத்திய மின்சார ஆணையத்தின் 2007-ஆம் ஆண்டு கிரிட் இணைப்பு விதிமுறையில் இணைப்பு இடத்தில் மின்னழுத்தத்துக்கு மொத்தம் 5 சதவீதம், தனித்தனி ஹார்மோனிக்ஸ் எதுவும் 3 சதவீதத்துக்கு மேல் கூடாது, மின்னோட்டத்துக்கு 8 சதவீதம் என்று இருந்தது; என் கணக்கில் வைத்தது அந்த 8-தான். 2019 திருத்தத்துக்குப் பின் வரம்புகள் ஐ.இ.இ.இ. 519 (மின்பொறியாளர்களின் சர்வதேச அமைப்பு வகுத்தது) தரவிதிப்படி பார்க்கப்படுகின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைப்படி, வரம்பை மீறும் எச்.டி. நுகர்வோர் கட்டணத்தில் 15 சதவீதம் ஈட்டுத்தொகை கட்ட நேரும். வரம்புக்குள் வந்ததும் அது நீக்கப்படும். உங்கள் மாதப் பில்லில் 15 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், சோக் வாங்க முதலாளியிடம் வேறு வாதம் தேவைப்படாது. அளவு பார்ப்பது எச்.டி. இணைப்பு இடத்தில்தான், இன்வெர்ட்டரின் வாயிலில் அல்ல. ஒவ்வொரு இன்வெர்ட்டரும் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று யாராவது விற்க வந்தால் அது தேவையில்லாதது.

இன்னொன்று: வார விடுமுறை நாளில், ஹியூமிடிஃபிகேஷன் ஃபேன் இரண்டு மட்டும் ஓடும்போது அளந்தால் சதவீதம் மிக அதிகமாகத் தெரியும். அது பயப்பட வேண்டிய எண் அல்ல. ஐ.இ.இ.இ. 519 தரவிதி இதற்காகவே ஹார்மோனிக்ஸ் மின்னோட்டத்தை அந்த நேரத்துச் சுமையோடு ஒப்பிடாமல் உச்ச டிமாண்டோடு ஒப்பிடச் சொல்கிறது. சதவீதத்தோடு ஆம்பியரையும் எழுதித் தரச் சொல்லி அளப்பவர்களிடம் கேளுங்கள்.

தாளில் எச்.டி. பக்கம் 2 சதவீதமும் பஸ்பாரில் 6.5-உம் இருப்பதிலிருந்து இன்னொன்று தெரிகிறது. வோல்டேஜ் கோணல் பெரும்பாலும் உங்கள் சொந்த ட்ரான்ஸ்பார்மருக்குள்தான் பிறக்கிறது, மின்வாரியத்தின் சப்ளையில் குறை இல்லை. இரைச்சலும் சூடும் அதன் அடையாளம்; அதிர்வெண் ஏற ஏற வைண்டிங்கின் எட்டி (சுழல் மின்னோட்ட) நஷ்டம் மடங்கின் வர்க்கமாக ஏறும், ஏழாவதுக்கு 49 மடங்கு. இந்தச் சூடு இப்படியே தொடர்ந்தால் ட்ரான்ஸ்பார்மரின் ஆயுளைத் தின்னும். அதனால் எண்ணெய் வெப்பநிலையை ஷிஃப்டுக்கு ஒருமுறை குறித்து வையுங்கள்.

ஜெனரேட்டர் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தால் ஒரு வார்த்தை. ஜெனரேட்டரின் உள் இம்பீடன்ஸ் ட்ரான்ஸ்பார்மரைவிட இரண்டு மூன்று மடங்கு, ஆகவே அதே இன்வெர்ட்டர்கள் அங்கே வோல்டேஜை இரண்டு மூன்று மடங்கு கெடுக்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது கெப்பாசிட்டர் பேனல் தானாக விலகும்படி இன்டர்லாக் கட்டாயம் இருக்க வேண்டும். பாசிவ் ஃபில்டர் (சோக்கும் கெப்பாசிட்டரும் சேர்ந்தது) போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. குறைந்த சுமையில் அதன் கெப்பாசிட்டரே மிஞ்சி நின்று ஜெனரேட்டரின் வோல்டேஜைத் தூக்கிவிடும்.

ஹார்மோனிக்ஸ் குறைவாக வரும் வகைகள் என்று பன்னிரண்டு பல்ஸ் இன்வெர்ட்டர், ஆக்டிவ் ஃபிரண்ட் எண்ட் என்றெல்லாம் உங்களிடம் பேசுவார்கள். ஏற்கெனவே பத்து இன்வெர்ட்டர் வாங்கி மாட்டிவிட்ட ஆலைக்கு அவை பொருந்தா. நாளைக்கு 200 கிலோவாட் கம்ப்ரசர் ஒன்று வாங்கும்போது யோசிக்கலாம். இரண்டு ட்ரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் ஆலைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: இரண்டின் வெக்டர் குரூப்பும் (வைண்டிங் இணைப்பு முறையும்) 30 டிகிரி வித்தியாசத்தில், ஒன்று டெல்டா-ஸ்டார், மற்றது ஸ்டார்-ஸ்டார் என்று இருந்தால், இன்வெர்ட்டர் சுமையை இரண்டிலும் சரிபாதியாகப் பிரித்துவிடுங்கள். எச்.டி. பக்கத்தில் ஐந்தாவதும் ஏழாவதும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கேபிள் இழுக்கும் செலவு மட்டும்தான்.

100 கேவிஏஆரை எடுத்த மறுநாள், எல்லா ஃபிரேமும் ஓடும் ஷிஃப்டில், யாரிடமாவது ஹார்மோனிக்ஸ் அளக்கும் அனலைசர் வாங்கி அரை மணி நேரம் இன்கமரில் வைத்துப் பாருங்கள். ஏழாவது ஐந்தாவதுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் அந்தத் தாளை, வாரியம் தந்த பழைய தாளின் பக்கத்தில் வைத்து முதலாளியிடம் காட்டுங்கள். இறங்கவில்லை என்றால் எண்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது பக்கத்து ஆலையின் கெப்பாசிட்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கும்.